வாக்கியத்தில் விடுபட்டவர்

செலாயாங்கில் உள்ள கோலாலம்பூர் மொத்தச் சந்தை பொழுது விடியும் முன்பே விழித்துக்கொள்கிறது. மீன் பெட்டிகளும் காய்கறி மூட்டைகளும் லோரிகளிலிருந்து இறங்குகின்றன. சீன வியாபாரி தமிழரை ‘அண்ணே’ என்று அழைக்கிறார். தமிழர் அவரைத் ‘தவுக்கே’ என்கிறார். விலை மலாய்மொழியில் பேசி முடிக்கப்படுகிறது. மூட்டை தூக்கும் மியன்மார் இளைஞரைப் பெயரோ முறையோ சொல்லி அழைப்பவர் குறைவு. ‘ஹோய்’ என்ற ஒலியே பல வேளைகளில் அவருக்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது.

யார் யாரை எப்படி அழைக்கிறார், யார் கேட்கிறார், யார் பதில் மட்டும் சொல்கிறார் என்பவற்றை ஆராய்வது கருத்தாடல் ஆய்வு. தனி வாக்கியத்தோடு நின்றுவிடாமல் பேச்சு முழுவதையும் ஆராய வேண்டும் என்று அமெரிக்க மொழியியலாளர் செல்லிக் ஹாரிஸ் 1952ஆம் ஆண்டு எழுதினார். பின்வந்தவர்கள் அதைச் சமூகத்தின் பக்கம் திருப்பினர். இது பல்கலைக்கழகத்துக்குரிய பாடம், இடைநிலைப்பள்ளி மாணவருக்கு எட்டாது என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து சரியன்று. இதற்கு வேண்டிய கருவிகளுள் பல இலக்கணப் பாடத்திலேயே இருக்கின்றன. ‘கடைக்குப் போவாயா?’ என்ற வினாவுக்குக் ‘கால் வலிக்கும்’ என்று ஒருவர் விடை சொன்னால், அதில் ‘மாட்டேன்’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் கேட்டவருக்கு அது புரிந்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் விடைகளை எட்டு வகையாகப் பிரித்தபோது இதற்கு ‘உறுவது கூறல்’ என்று பெயரிட்டார். மாணவர் இதைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். சந்தையில் காது கொடுத்துக் கேட்கத்தான் யாரும் சொல்வதில்லை.

கேட்கத் தெரியாவிட்டால் என்ன குறை? 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோவிட்-19 தொற்றின் காரணமாக இச்சந்தையைச் சுற்றிய பகுதியில் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சாலைகள் முள்வேலியால் அடைக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தவர்களுள் அந்நியத் தொழிலாளர் பலர். அந்நிகழ்வை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம். ‘செலாயாங்கில் தொற்று பரவியது.’ ‘அந்நியர்களால் தொற்று பரவியது.’ ‘நெருக்கமான அறைகளில் தங்கவைக்கப்பட்ட தொழிலாளரிடையே தொற்று பரவியது.’ மூன்றிலும் பயனிலை ஒன்றே. முதல் வாக்கியத்தில் எந்த மனிதரும் இல்லை. இரண்டாவது, ‘ஆல்’ என்னும் ஒரே உருபைக் கொண்டு நோயுற்றவரையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. மூன்றாவது வாக்கியத்தைப் படிப்பவர், ‘தங்கவைத்தவர் யார்?’ என்று கேட்கத் தொடங்குவார். அந்தச் செயப்பாட்டுவினைக்குள் ஒருவர் ஒளிந்திருக்கிறார். அவரைத் தேடுவதுதான் இலக்கணத்தின் உண்மையான பயன்.

மலேசியத் தமிழருக்கு இது அயலார் கதையன்று. ‘கூலி’ என்ற சொல் தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் காலத் தோட்ட ஆவணங்களில் அச்சொல் உழைப்பவரையே குறித்தது. ஊதியத்தின் பெயர் மனிதரின் பெயராயிற்று! சஞ்சிக்கூலி முறை 1910ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. ஆனால், அந்தச் சொல் வசையாக மாறி அதற்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. அச்சொல்லைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இன்னொருவரை ‘ஹோய்’ என்று அழைக்கும்போது, அதைக் கவனிக்கும் காது அவர்களுக்கு இருக்க வேண்டாமா?

இப்படி ஆராய்வது சொல்லுக்குச் சொல் குற்றம் காணும் பழக்கத்தை வளர்த்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அவசரத்தில் செய்தி எழுதுபவர் ஒரு வாக்கியத்தில் ஒருவரை விட்டுவிட்டதாலேயே அவருக்கு உள்நோக்கம் கற்பித்துவிட முடியாது. ‘மச்சா’ என்ற சொல் நண்பர்களிடையே அன்பு. அதே சொல்லை முன்பின் அறியாத பெரியவரிடம் சொன்னால் அவமதிப்பு. ஆகவே, பேசியவர், கேட்டவர், இடம், வேளை ஆகியவற்றோடு சேர்த்தே சொல்லை எடைபோட வேண்டும். ஒரே எடுத்துக்காட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், பல பேச்சுகளைத் திரட்டி ஒப்பிடுவதே இவ்வாய்வின் ஒழுங்கு. முறையாகக் கற்பிக்கப்பட்டால், குற்றம் சாட்டும் அவசரத்தை அது குறைக்கவே செய்யும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. செலாயாங் வட்டாரத்து மாணவர் குழு ஒன்று, வியாபாரிகளின் அனுமதி பெற்று, சந்தையில் பத்து நிமிட உரையாடலைப் பதிவு செய்யலாம். பிறகு வகுப்பில் அதை எழுத்தில் வடித்து, வினாக்களை ஒரு பக்கமும் விடைகளை மறுபக்கமும் வரிசைப்படுத்தலாம். மௌனத்தையும் குறிக்க வேண்டும், சிரிப்பையும் விடக்கூடாது. ஏட்டின் முதல் பக்கத்தில், அங்கிருந்த ஒவ்வொருவரும் எந்தச் சொல்லால் அழைக்கப்பட்டார் என்று ஒரு பட்டியல் இருக்கட்டும். மூட்டை தூக்கும் இளைஞரின் பெயரை எழுத வேண்டுமென்றால், மாணவர் அதை அவரிடமே கேட்டாக வேண்டும்.