தோற்கருவி எல்லாம் தாளக்கருவி அல்ல: இடக்கை என்னும் பெயர் தரும் சான்று

நரம்பும் துளையும் பண்ணுக்கு, தோலும் கஞ்சமும் தாளத்துக்கு: இந்த வாய்பாட்டை இசை பற்றிய நம் பாடக்குறிப்புகளிலும் கருத்தரங்க உரைகளிலும் மீண்டும் மீண்டும் சந்திக்கிறேன். மரபின் குரல்போல் ஒலிக்கும் இவ்வாய்பாடு மரபுக்கும் உரியதன்று, உண்மையும் அன்று.

தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு எனப் பகுத்த தமிழ் மரபு, ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்ற ஒரு வினாவையே கேட்டது. 1914இல் ஹோர்ன்போஸ்டெலும் சாக்ஸும் வெளியிட்ட, இன்று உலக அளவில் வழங்கும் கருவிப் பகுப்பின் அடிப்படையும் அதுவே. எந்தக் கருவி என்ன பணி செய்ய வேண்டும் என்று இவை இரண்டும் விதிக்கவில்லை. பிறப்பிடத்தைச் சொல்லும் பகுப்பைப் பணியைச் சொல்லும் பகுப்பாகத் திரித்தவர்கள் நாம்.

இத்திரிபை மறுக்க ஒரு கருவி போதும். கேரளக் கோயில்களில் இன்றும் ஒலிக்கும் இடக்கை, இடை சிறுத்த உடலும் இருபுறமும் மெல்லிய தோல்வளையமும் கொண்டது. வளையங்கள் உடலோடு ஒட்டப்படுவதில்லை. அவற்றை இழுத்துப் பிணைக்கும் கயிறுகளே முகங்களை நிலைநிறுத்துகின்றன. இடத்தோளில் தொங்கும் கருவியை வலக்கை மெல்லிய கோலால் அடிக்க, இடக்கை நடுவிலுள்ள கயிற்றுப் பிணைப்பை அழுத்தியும் தளர்த்தியும் தோலின் இழுவிசையை மாற்றுகிறது. இழுவிசை மாறச் சுருதி மாறுகிறது. சுருதி மாற, பாட்டின் மெட்டு தோலிலிருந்தே எழுகிறது. கருவறைப் படியருகே நின்று பாடும் சோபான இசையில் பாடுபவரே இதை வாசிப்பதும் உண்டு. அவ்விசையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுசென்ற ஞெரளத்து ராம பொதுவாளின் (1916–1996) தோளில் இருந்ததும் இக்கருவியே.

இனிப் பெயருக்கு வருவோம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் ஆவஞ்சி, குடுக்கை, இடக்கை என்பன ஒரே கருவியின் பெயர்கள் என்கிறார். வினைகள் இடக்கையால் நிகழ்வதால் இடக்கை எனப் பெயர் பெற்றது என்பது அவர் தரும் காரணம். ஆவஞ்சிக்கு அவர் கூறும் பசுத்தோல் விளக்கத்தை ஒருவர் ஐயுறலாம். இடக்கையின் விளக்கத்தை ஐயுறுவது கடினம். நான் தங்கியிருந்து ஆய்வு செய்யும் ஆனேக்கல்லில், கன்னடத்தில் இடப்புறம் ‘எட’. தெலுங்கில் ‘எடம’, மலையாளத்தில் ‘இடது’. அடுத்த அசையில் அகரம் வரும்போது இகரமும் எகரமும் மயங்குவது தென்திராவிட மொழிகளில் நன்கறியப்பட்டது. தமிழின் ‘தலை’ மலையாளத்தில் ‘தல’ ஆவதுபோல, ‘இடக்கை’ அங்கே ‘இடக்க’ ஆவதும் பொருந்துகிறது. உரையாசிரியர் கண்ட கருவியும் இன்றைய கேரளக் கருவியும் உறுப்புக்கு உறுப்பு ஒன்றே என்று நான் வாதிடவில்லை. என் வாதம் எளியது: அடிக்கும் கையின் பெயரால் அன்றி, சுருதியை ஆளும் கையின் பெயரால் ஒரு தோற்கருவியை அழைத்த சமூகம், தோலுக்குப் பண் இல்லை என்று கருதியிருக்க இயலாது.

மறுப்புகள் இரண்டு உண்டு. முதலாவது: இடக்கையின் சுருதி துல்லியமற்றது, ஆகவே அது வெறும் வித்தை. வயலினுக்கு மெட்டுகள் இல்லை. நாகசுரத்தில் சீவாளியைப் பற்றும் உதடும் மூச்சும் சுருதியை நகர்த்துகின்றன. கையும் காதும் கூடிச் சுருதியைத் தீர்மானிப்பது அங்கே மேதைமை, இங்கே மட்டும் வித்தையா? அசைவுகளையே உயிராகக் கொண்ட இசைமரபு, வழுக்கிச் செல்லும் சுருதியைக் குறை என்பது முரண்.

இரண்டாவது: இது தனி விதிவிலக்கு. அன்று. திருவாரூர்க் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்துக்கு ஐந்து முகங்கள். நாட்டிய சாத்திரம் முழவின் முகங்களைச் சுரங்களுக்கு இசைவிக்கும் மார்ச்சனை முறைகளை வகுத்துக் கூறுகிறது. சங்கப் பாடல்கள் முழவைப் பேசும்போது அதில் பூசிய மண்ணையும் பேசுகின்றன. சி. வி. இராமன் சிவகாளி குமாருடன் 1920இல் நேச்சர் இதழிலும், பெங்களூருக்கு வந்தபின் 1934இல் தனியாகவும் எழுதிய கட்டுரைகள் இதன் இயற்பியலை விளக்கின. சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழுஎண் மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்க வலந்தலையின் நடுவிலுள்ள கரணை அவற்றை அவ்வாறு அமைக்கிறது. கடலுக்கு அப்பாலும் சான்று உண்டு. மூன்று தொனிகள் கொண்ட யொரூபா மொழியின் பேச்சையே, இதேபோல் இடைசிறுத்து அழுத்தி வாசிக்கப்படும் துன்துன் முழவு ஒலித்துக் காட்டுகிறது. அங்கே மொழியியலார் முழவைக் கேட்கிறார்கள். இங்கே நாம் அதைத் தாளம் என்ற அறையில் பூட்டிவிட்டோம்.

இது பெயர்ச்சண்டை அன்று. வாய்பாடுதான் பாடத்திட்டத்தை வகுக்கிறது. முழவு பயிலும் மாணவருக்குப் பண்ணியல் எவ்வளவு போதும் என்று அதுவே முடிவு செய்கிறது. மேடையில் யார் நடுவில், யார் பக்கத்தில் என்பதும், ஆவணப்படுத்தும்போது எது அளக்கப்படுகிறது என்பதும் அதைப் பொறுத்தவையே. இடக்கையைப் பதிவு செய்துவிட்டு அடிகளை மட்டும் எண்ணினால், இடக்கை செய்த வினை முழுவதும் தரவிலிருந்து மறைந்துவிடும்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். பாடநூல் எழுதுவோர் ‘தோற்கருவி’ என்பதற்கு நேராகத் ‘தாளக்கருவி’ என்று எழுதுவதை நிறுத்துக. மொழியியல் மாணவர்கள், குரலின் சுருதி வளைவை வரையப் பயன்படுத்தும் அதே பிராட் மென்பொருளில் இடக்கையின் பதிவையும் இட்டு, அதே பாடலின் குரல் வளைவோடு ஒப்பிடுக. பண் இருக்கிறதா இல்லையா என்பதை அதன்பின் தரவை வைத்து வாதிடுவோம்.