யூ இல்லாத கியூ

ஆங்கில நெடுங்கணக்கிலே தனித்து நடக்க அஞ்சும் எழுத்து ஒன்று உண்டு. அது கியூ. "கியூ வந்தால் அதன் பின்னே யூ எப்பொழுதும் வரும்" என்று பல்லாண்டுகளாக நாம் மாணவர்க்குக் கற்பித்து வந்தோம். சென்ற மாரிகாலத்தில் அவ்விதி நம் கண் முன்னே உடைந்தது. உடைத்தவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தவறு நம்முடையது.

மழையினால் விளையாட்டுப் பாடம் நின்றுபோன ஒரு பிற்பகலில், வகுப்பிலே ஸ்கிரபிள் அட்டையை விரித்துக் கொடுத்தோம். எழுத்துப் பொறித்த சிறு கட்டைகளை அடுக்கிச் சொல்லாக்கும் இவ்விளையாட்டை, அமெரிக்கக் கட்டடக் கலைஞரான அல்பிரட் பட்ஸ் என்பார் 1930களிலே தொழிலின்றி இருந்தபோது அமைத்தார். இப்பெயர் அதற்கு 1948இல் வந்தது. கட்டைகள் 100. அவற்றுள் ஈ என்னும் எழுத்து 12 உண்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி 1. கியூவோ ஒன்றே ஒன்று. அதற்குப் புள்ளி 10. ஆட்டம் முடியும்போது கையில் எஞ்சிய கட்டையின் புள்ளி கழிக்கப்படுமாதலின், யூ வாய்க்காதவன் கையில் கியூ இருப்பது மடியிலே நெருப்பு இருப்பது போலாகும்.

அம்மாணவன் கியூ, ஏ, டி, ஐ என்னும் நான்கு கட்டைகளை வைத்தான். நடுவராய் இருந்த நாம், "இது சொல்லன்று" என்றோம்.

"காதி, சேர். எங்கட மூத்தவாப்பா காதியாக இருந்தவர். இங்கிலிஷ் புத்தகத்தில் இப்படித்தான் கண்டேன்."

நமது நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் ஆங்கில வாசகம் காதியைக் கியூவின் பின் யூ சேர்த்தே எழுதுகிறது. அது நினைவுக்கு வரவே நமக்கு இன்னும் துணிவு பிறந்தது. கட்டைகளை எடுக்கச் சொன்னோம். அவன் மறுத்துப் பேசவில்லை. சொல்லுக்கு வரவேண்டிய 14 புள்ளி போயிற்று. இறுதி வரை கையில் தங்கிய கியூவுக்காக மேலும் 10 கழிந்தது. 12 புள்ளியால் தோற்றான்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். அச்சொல் அங்கே இருந்தது: இசுலாமியச் சட்டப்படி தீர்ப்புக் கூறும் நீதிபதி. அதன் அருகே அதன் உறவினரும் இருந்தனர். கியூ, ஏ, ரி என்பது காத். யேமன் நாட்டார் வாயிலிட்டு மெல்லும் ஓர் இலை. (நம்மவர் வெற்றிலைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.) எஸ், யூ, கியூ என்பது சூக், அரபு நாட்டுக் கடைத்தெரு, இங்கே யூ உண்டு, ஆனால் முன்னே நிற்கிறது! எவ், ஏ, கியூ, ஐ, ஆர் என்பது நாம் நன்கறிந்த பக்கீர். எல்லாவற்றினும் சிறியது கியூ, ஐ என்னும் ஈரெழுத்துச் சொல். சீன மருத்துவ நூல்கள் கூறும் உயிராற்றல் என்பது பொருள். வட அமெரிக்கப் போட்டிகளில் இது 2006 முதல் செல்லுபடியாகிறது. இதனை வாய்விட்டுச் சொன்னால் "ச்சீ" என்று ஒலிக்கும். வீட்டில் பெரியோர் முன் சொல்லிப் பழகவேண்டாம்.

இவை யூவைத் துறந்தது ஏன்? பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் சொல்லைச் சீ, டபிள்யூ, ஈ, என் என்று எழுதினார்கள். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு முறை பயின்ற எழுத்தர்கள் கியூவையும் யூவையும் இணைத்து அங்கே புகுத்தினர். யூ என்னும் துணை அவ்வழி வந்தது. அரபுச் சொற்களிலோ, அடித்தொண்டையிற் பிறக்கும் ககரம் ஒன்றைக் காட்டவே கியூவை இடுகிறார்கள்; அங்கே யூவுக்கு வேலையில்லை. சீனச் சொல்லில் அது சகரத்துக்கு அணித்தான ஒலி.

தமிழிலும் இத்தகையதோர் எழுத்து உண்டு. ஆய்தம் தனக்கு முன்னே குற்றெழுத்தையும் பின்னே வல்லின உயிர்மெய்யையும் வேண்டி நிற்பது: அஃது, எஃகு. இன்றோ பிறமொழி ஒலிகளைக் காட்டுதற்காக அதனைச் சொல்லின் முதலிலேயே பலர் நிறுத்துகின்றனர். அதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் நமக்கு, கியூவின் செய்கை விளங்கியிருக்கவேண்டும். இயற்பெயர்கள் ஆட்டத்தில் செல்லா என்பது உண்மையே. ஆயினும் கட்டார் நாட்டின் ஆங்கிலப் பெயரை, அங்கே தொழில் செய்யும் தந்தையரின் முகவரியாக மாணவர்கள் எழுதித் தர எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! அந்தக் கியூவுக்கும் யூ இல்லை.

மறுநாள் வகுப்பில் அகராதியை விரித்து அப்பக்கத்தை அவனையே வாசிக்கச் சொன்னோம். நாம் இழைத்த பிழையையும் எல்லோரும் கேட்கச் சொன்னோம். ஆட்டத்தை மீட்க இயலவில்லை. அட்டை முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. "பரவாயில்லை, சேர்" என்றான். பிறகு, "அந்த இரண்டெழுத்துச் சொல்லை இன்னொருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டான். நாமும் நமது பாடக்குறிப்பை எடுத்து, அதிலிருந்த "எப்பொழுதும்" என்னும் சொல்லை வெட்டி, "பெரும்பாலும்" என்று எழுதினோம்.