ஓடுவோர்க்கு உகந்த வளாகம்

நகரையடுத்த பல்கலைக்கழக வளாகம் ஓடிப் பயில்வோர்க்கு இனிய இடமாகுமா? தெல்தோட்டையிலிருந்து கலகா வழியே கண்டி செல்லும் நாம் இதற்கு விடையைக் கண்ணாரக் காண்கிறோம். அப்பாதை பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்தன்றோ செல்கிறது! 1952ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து இங்கு வந்தமைந்த அக்கல்விக்கூடத்திற்கு ஒருபால் ஹந்தானை மலை. மறுபால் மகாவலி கங்கை. எங்கணும் நிழல் மரங்கள். ஏற்ற இறக்கங்கள் கால்களுக்கு உரமூட்டும், ஆற்றங்காற்று களைப்பாற்றும்.

ஆயினும் கலகா வீதி பொதுவழி. தோட்டத் தொழிலாளரும் நோயாளரும் பள்ளிச் சிறாரும் அவ்வழிப் பேருந்துகளையே நம்பியுள்ளனர். ஓடுவோர்க்காக அதனை அடைக்கக் கருதுவது முறையன்று. வளாகத்தின் உள்வீதிகள் பல உள. விடியற்போதில் அவற்றில் ஓடுக. பெருவீதியை அடைந்தால் எதிர்வரும் வண்டி கண்ணிற்படுமாறு வலப்பக்கம் ஒதுங்கி ஓடுக. இருசாரார்க்கும் அதுவே நலம்.