பிள்ளைக்கு மோட்டிவேஷன் இல்லையாம்!



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கோபம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சில மாதங்களாக எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. "சார், பையன் பிளஸ் ஒன். பத்தாவதில் 480 எடுத்தவன். இப்போது புத்தகத்தையே தொட மாட்டேன் என்கிறான். மோட்டிவேஷனே இல்லை. நீங்கள் ஒரு தடவை பேசுங்களேன்." பேசுபவர்கள் ஒரு காலத்தில் மயிலாப்பூரில் என் வகுப்பில் மதியம் முதல் பீரியடில் கண் திறந்தபடியே தூங்கியவர்கள். இன்று அடையாறில் ஃபிளாட், கையில் கார் சாவி, பிள்ளையைப் பற்றிப் பெரிய கவலை. சரி, பேசுகிறேன். ஆனால் பையனிடம் இல்லை, உங்களிடம்.

நான் கணக்கு வாத்தியார். முதலில் ஒரு கணக்கு போடுவோம். எனக்குத் தெரிந்த ஒரு பிளஸ் ஒன் பையனின் நாள் இது. காலை 4.45க்கு எழுப்புகிறார்கள். 5.30க்கு மந்தைவெளியில் கணக்கு டியூஷன். 8.15க்குப் பள்ளி. மாலை 4 மணிக்கு விட்டால், ஐந்து முதல் எட்டு வரை தி.நகரில் கோச்சிங். பனகல் பார்க் நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர ஒன்பது. சாப்பாடு, பள்ளி வீட்டுப்பாடம், கோச்சிங் ஒர்க்‌ஷீட். படுக்க மணி பன்னிரண்டு. ஆக, தூக்கம் நான்கே முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதிரித் தேர்வு.

13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு சொல்கிறது. குறைந்தபட்ச எட்டையே வைத்துக்கொண்டாலும் இந்தப் பையனுக்கு ஒரு நாளைக்கு மூன்றே கால் மணி நேரம் கடன். ஆறு நாளில் பத்தொன்பதரை மணி. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் விழிப்பு வராது. அது திமிர் இல்லை, வளர்ச்சி. இதைக் கருத்தில் கொண்டுதான் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019இல் சட்டமே போட்டார்கள், 2022இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நாமோ பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மண்டையில் ஏறும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்த நம் தாத்தாக்கள் ராத்திரி எட்டரைக்குப் படுத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

"எல்லாம் இந்த போனால் வருவது சார்" என்பீர்கள். போன் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன நாளை இன்னொரு முறை பாருங்கள். ராத்திரி பதினொன்றரைக்குப் பிறகு உள்ள அந்த அரை மணி நேரம் மட்டும்தான் அந்தப் பையனுக்குச் சொந்தம். அதையும் பிடுங்கிவிட்டால் ஆர்வம் பொங்கும் என்று எந்த அடிப்படையில் நம்புகிறீர்கள்?

இப்போது பிளஸ் ஒன் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

2017 வரை நம் ஊரில் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் என்பது பெயரளவில்தான். சேர்ந்த சில மாதங்களிலேயே பிளஸ் டூ புத்தகத்தை எடுத்துவிடுவார்கள். ஒரே பாடத்தை இரண்டு வருடம் இடித்து இடித்து 1200க்கு மார்க் வாங்குவது, பிறகு கல்லூரி முதலாண்டில் அரியர் வைப்பது. அதைத் தடுக்கத்தான் 2017 மே மாதம் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. பாடத்துக்கு 200 மார்க் என்பது 100 ஆனது. முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அந்த ஆண்டே செப்டம்பரில், உயர்கல்விக்கு பிளஸ் டூவின் 600 மார்க் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது என்ன? எந்தச் சேர்க்கைக்கும் உதவாத, ஆனால் பயப்பட மட்டும் உதவுகிற ஒரு தேர்வு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வு.

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி, நம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாநிலக் கல்விக் கொள்கையை முதல்வர் வெளியிட்டார். 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்றானது. நான் மகிழ்ந்தேன். பிள்ளைகளுக்கு மூச்சுவிட ஒரு வருடம் கிடைத்தது என்று நினைத்தேன்.

கிடைத்த அந்த வருடத்தை நீங்கள் என்ன செய்தீர்கள்? "பப்ளிக் இல்லையே சார், அதனால் முழு மூச்சாக கோச்சிங்கில் போட்டுவிட்டோம்." இன்னொருவர் பெருமையாகவே சொன்னார்: "எங்கள் பள்ளியில் செப்டம்பரிலேயே பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பித்துவிட்டார்கள்." சுற்றிச் சுற்றி 2017க்கே வந்து நிற்கிறோம். போதாக்குறைக்கு, நீங்கள் குறி வைக்கும் நீட் தேர்வின் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பும் சரிபாதி இருக்கிறது என்பதாவது தெரியுமா?

நாற்பது வருடம் போலக் கரும்பலகை முன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். "படிக்கப் பிடிக்கவில்லை" என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உண்மையில் சொல்வது "புரியவில்லை" என்பதுதான். அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பத்தாவது வரை நன்றாக மார்க் வாங்கிய பிள்ளைக்கு அந்த வெட்கம் இன்னும் அதிகம். பிளஸ் ஒன்னில் லிமிட்ஸ் என்றால் என்ன என்று நிதானமாகப் படிக்காதவனுக்கு வகையிடல் என்பது வெறும் ஃபார்முலா. அடுத்த வருடம் அதன் பயன்பாடுகளை நடத்தும்போது அவனுக்கு அது சீன பாஷை. வெக்டர் புரியாதவனுக்கு இயற்பியல் புரியாது, மோல் கணக்கு வராதவனுக்கு வேதியியல் நகராது. இந்த அடித்தளம் முழுக்க அந்த ஒரு வருடத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்க வைத்துவிட்டு, புரியாத வகுப்பில் தினம் பதினொரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஆர்வம் எங்கே என்று தேடினால் எங்கிருந்து வரும்? நீங்களும் நானும் மொழி தெரியாத சினிமாவில் அரை மணி நேரம் உட்கார மாட்டோம்.

அடுத்து, குரூப். பத்தாவது ரிசல்ட் வந்த அன்று பையோ மேத்ஸ் எடுக்கச் சொன்னது யார்? பெரியப்பாவா, எதிர் ஃபிளாட் மாமியா? எனக்குத் தெரிந்த ஒரு பெண் வணிகவியல் கேட்டாள். "480 எடுத்துவிட்டு யாராவது காமர்ஸ் போவார்களா" என்று வாயை அடைத்துவிட்டார்கள். அவளுக்குத் தவளையைப் பார்த்தாலே ஆகாது.

உறவுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுப் பந்தியில் "எவ்வளவு எடுத்தே?" என்று கேட்பதை இந்த முகூர்த்த சீசனிலிருந்து நிறுத்துங்கள். 2017இலேயே அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் வீட்டுப் பந்தியில் மட்டும் இன்னும் ரேங்க் பட்டியல் வாசிக்கப்படுகிறது. அப்புறம், குடும்ப வாட்ஸ்அப்பில் தினம் காலையில் வரும் அந்தச் சூரிய உதயப் படமும் வெற்றி வாசகமும். அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளையாவது புத்தகத்தைத் திறந்ததாகத் தகவல் இல்லை.

"போட்டி உலகம் சார், நாம் விட்டால் அடுத்தவன் முந்திவிடுவான்." இந்த வாதத்தை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. சீட் குறைவு, கட்டணம் அதிகம், பயம் நியாயம். ஆனால் தூங்காதவன் எப்படி முந்துவான்? பகலில் படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, அதிகாலையிலும் பின்னிரவிலும் கூடாது, வார விடுமுறை கட்டாயம், 16 வயதுக்குக் கீழே சேர்க்கவே கூடாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரண வழக்கில், மார்க் அடிப்படையில் மாணவர்களை பேட்ச் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்பும் அவமானப்படுத்தக் கூடாது என்று சொன்னது. உங்கள் பிள்ளை போகும் இடத்தில் 'ஸ்டார் பேட்ச்' இருக்கிறதா என்று கேட்டீர்களா? இருக்கிறது என்றதும் சந்தோஷப்பட்டுப் பணம் கட்டியவர்கள் உங்களில் எத்தனை பேர்?

கொஞ்சம் கனமான விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கி, "நான் இருந்து என்ன பயன்" என்கிற தொனியில் பிள்ளை பேசினால் அது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. அன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் 104இலும் தமிழில் பேசுவார்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. தோற்ற பாடத்தை ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே எழுத வைக்கும் துணைத்தேர்வு தமிழ்நாட்டில் வரக் குரல் கொடுத்தவர்களில் சினேகாவை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். பல வீடுகளில் விளக்கு அணையாமல் காத்தது அந்த ஏற்பாடு.

எங்கள் காலத்தில் பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் கூட்டத்தோடு கூட்டமாகப் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் நிற்பார்கள். சாமி பார்த்து, பொரி தின்று, வீட்டுக்குப் போய் மறுநாள் பரீட்சை எழுதினார்கள். அவர்கள்தான் இன்று எனக்கு போன் செய்யும் நீங்கள்.

நடைமுறைக்கு வருவோம். லிமிட்ஸ், திரிகோணமிதி, வெக்டர் இந்த மூன்றும் புரியாத பிளஸ் ஒன் பிள்ளைகள் நம் வட்டத்தில் இருந்தால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு அனுப்புங்கள். ஆறேழு பேர் வரை உட்கார இடம் இருக்கிறது. பீஸ் கிடையாது, டெஸ்ட் கிடையாது, பெற்றோருக்கு அனுமதியும் கிடையாது. காலை ஐந்து மணிக்கு வைக்க முடியுமா என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் நானே தூங்கிக்கொண்டிருப்பேன்.