அப்பாவோட மஞ்சப்பை

"கிராமத்துக்காரங்க ஃபைலை ஒழுங்கா வெச்சுக்கறதே இல்லை."

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் நர்ஸிடம் சொன்னது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் அப்பாவோட மஞ்சப்பை. ஸ்கேன், ஈசிஜி, ரத்த டெஸ்ட் எல்லாம் அதில் இருந்தது. ஒரே ஒரு சீட்டு இல்லை, அதுக்கு இந்தப் பேச்சு.

அன்றைக்கு வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். இப்பக் கேட்கிறேன். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்ல வேண்டியதை நோயாளி எதுக்குப் பையில் சுமக்கணும்?

அப்பாவுக்கு 74 வயசு. சர்க்கரைக்கு ஊரிலேயே மாத்திரை வாங்குகிறார். நெஞ்சுவலி என்று டவுனில் நாலு நாள் படுத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது புது மாத்திரை கொடுத்தாங்க. பழையதை நிறுத்தணுமா, சேர்த்துச் சாப்பிடணுமா, சீட்டில் ஒரு வரி கிடையாது. ரெண்டும் கிளிமிபிரைடுதான். அட்டையில் பேர் வேற, கலர் வேற. அப்பா ரெண்டையும் சாப்பிட்டார். மூணாம் நாள் விடிகாலை சட்டை நனைய வியர்வை, கை நடுக்கம். அம்மா சர்க்கரைத் தண்ணி கொடுத்ததால் பொழைச்சார். விஷயத்தைக் கண்டுபிடிச்சது மருந்துக்கடைத் தம்பி. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிச்சார், அவ்வளவுதான்.

மருந்தோட ஜெனரிக் பெயரைத் தெளிவா எழுதணும்னு 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டு வந்துச்சு. அதே மாசம் நிறுத்தி வெச்சாங்க. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் வந்துச்சு, ஆளுக்கு 14 இலக்க எண். எங்கப்பாவுக்கும் எண் இருக்கு. ஆனா போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, "பழைய ஃபைல் எங்கே?"

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பாங்க. கூட்டத்தை நானும் பார்க்கிறேன். ஆனா எங்க முக்கொம்பைப் பாருங்க. மேட்டூரில் திறந்த தண்ணி மாயனூர் கதவணையைத் தாண்டும்போதே எத்தனை கன அடி வருதுன்னு இங்கே சொல்லியாகணும். காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சு, கல்லணைக்கும் சொல்லணும். சொல்லாமல் விட்டால் ரெண்டு ஆத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கம் என்ன ஆகும்? தண்ணிக்கு முன்னாடி தகவல் போகுது. ஆளுக்கு முன்னாடி போக மாட்டேங்குது.

இது கிராமத்துப் புலம்பல்னு நினைக்காதீங்க. ஸ்ரீரங்கத்து ஃப்ளாட்டுகளில், பிள்ளைங்க அமெரிக்காவில் இருக்க, எத்தனை பெரியவங்க தனியா இருக்காங்க! முட்டிக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒருத்தர், சர்க்கரைக்கு ஒருத்தர். மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசினதே கிடையாது. அந்த வீடுகளில் பை தூக்கக்கூட ஆள் இல்லை. (பெரிய கோயில் தன்வந்திரி சந்நிதியில் மட்டும்தான் பழைய ஃபைல் கேட்கறதில்லை.)

நான் கேட்கிறது பெரிய கம்ப்யூட்டர் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் ரெண்டு வரி: எதை நிறுத்தணும், எதைத் தொடரணும். கூடவே எங்க ஊர் டாக்டருக்கு ஒரு போன். பில்லுக்குப் பணம் கட்டலைன்னா நிமிஷத்தில் கவுன்ட்டரில் இருந்து வார்டுக்குப் போன் பறக்குது, பார்த்திருக்கேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி செக்கப். இந்தத் தடவை மஞ்சப்பையில் காலி மாத்திரை அட்டைகளையும் போட்டிருக்கேன். "அந்த மருந்துக்கடைத் தம்பியையும் கூட்டிட்டுப் போயேன்" என்கிறாங்க அம்மா.