பாட்டைக் கெடுப்பது யார்?

ஒலி கெட்டால் உடனே ஸ்பீக்கரைப் பழிக்கிறோம். புதுச்சேரியில் முதற்குற்றவாளி கடற்காற்றே. அதன் உப்பும் ஈரமும் இணைப்பு முனைகளில் களிம்பேற்றுகின்றன. இசைத்தட்டில் பூஞ்சை படர்கிறது. ஸ்பீக்கரின் ஓரப்பஞ்சு உதிர்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் தம்புராவுக்குப் போட்டியாக மின்சார இரைச்சல் வேறு.

1990-களில் தென்னக மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 48-க்கு இறங்கிய மாலைகள் உண்டு. அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுழலும் மோட்டார் கொண்ட ரெக்கார்டு பிளேயர்கள் அப்போது நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாய்ச் சுழன்றன. சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை குறைந்தது. அதையே வித்வானின் குரலென நம்பி, விமர்சனமும் செய்தோம்!

2013 டிசம்பர் 31 அன்று தென்னகம் தேசியத் தொகுப்போடு இணைந்தது. இன்று அதிர்வெண் 50-ஐ ஒட்டியே நிற்கிறது. கடற்காற்று மட்டும் மாறவில்லை. ஆகவே நண்பர்களே, விலையுயர்ந்த ஒயர் வாங்குமுன் அலமாரியை உலர்த்துவோம், எர்த்தைச் சோதிப்போம். பூஞ்சை தின்ற குரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.