காட்டோரத்து மணல் ஈயும் நமது அசட்டையும்

மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பரில் இலங்கைக்கு வழங்கியது. பெருமைக்குரிய சாதனைதான். ஆயினும், மலேரியா வெல்லப்பட்ட அதே உலர் வலயத்தில், நுளம்பின் மூன்றிலொரு பங்கு பருமனேயுள்ள மணல் ஈ வேறோர் ஒட்டுண்ணி நோயை ஓசையின்றிப் பரப்பி வருவதை நாம் போதியளவு கவனத்திற் கொள்ளவில்லை.

லெய்ஷ்மேனியாசிஸ் எனப்படும் இந்நோய் உள்நாட்டிலேயே தொற்றியமை முதன்முதலாக 1992 இல் அறியப்பட்டது. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வடக்கின் காடுகளில் நிலைகொண்டிருந்த படையினரிடையே அது பெருகியது. 2008 இல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாயிற்று. 2018 இல் பதிவானோர் தொகை மூவாயிரத்தைத் தாண்டியது. அநுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டுள்ளன. எனினும் வவுனியாவிலும் நோயாளர் இனங்காணப்பட்டுள்ளனர்.

சேனைப் பயிர்ச்செய்கை, விறகு, தேன், புதிய குடியேற்றம் எனப் பற்றைக்காட்டை நெருங்கி வாழ்வோரே முதலில் கடிபடுகின்றனர். நீண்ட இடப்பெயர்வின் பின், காடுபற்றிக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கிக் குடியமர்ந்த வன்னி, மன்னார் மக்களும் இதற்குப் புறம்பானவர்களல்லர். மணல் ஈ தேங்கிய நீரில் பெருகுவதில்லை. கறையான் புற்று, உக்கிய சருகு, மாட்டுத்தொழுவத்து ஈரமண் ஆகியனவே அதன் இருப்பிடங்கள். எனவே, டெங்குவுக்காகச் சிரட்டையும் ரயரும் அகற்றும் சிரமதானம் இங்கு பயன்தராது.

நோயின் தன்மையும் அசட்டைக்கு இடமளிக்கிறது. வலியோ அரிப்போ இல்லாத சிறு கொப்புளம் மெல்லப் புண்ணாகிறது. மாதக்கணக்கில் எவரும் பொருட்படுத்துவதில்லை. மருந்தோ வாரந்தோறும் புண்ணிலேயே ஏற்றப்படும் ஊசி. ஒரு நாள் கூலியை இழந்து தொலைவிலுள்ள தோல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு எத்தனை வாரம் செல்வது? இடைநடுவில் கைவிடுவோரைக் குறைகூற நாம் தயாரில்லை.

இங்கு பெரும்பாலும் தோலோடு நிற்பதால் இதனை அற்பமாகக் கருதலாகாது. இந்தியாவின் பீஹாரில் மண்ணீரலையும் ஈரலையும் தாக்கி உயிர்குடிக்கும் காலா ஆசாரை உண்டாக்குவதும் இதே இன ஒட்டுண்ணியே. உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்ட சிலர் இலங்கையிலும் இனங்காணப்பட்டுள்ளனர்.

1963 இல் வெறும் 17 மலேரியா நோயாளரே இருந்தனர். கண்காணிப்புத் தளர்ந்தது; 1968, 1969 ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இந்த அனுபவத்தைச் சுகாதார அமைச்சு மறந்திருக்க முடியாது. வாராந்த ஊசி காட்டோரக் கிராமங்களுக்கு அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலைகளிலேயே கிடைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுகளுக்குச் செல்லும்போது, நீர்த்தொட்டியை மட்டுமன்றி வீட்டாரின் ஆறாத புண்களையும் பார்க்குமாறு பணிக்கப்பட வேண்டும்.